பேழையும் பொருளும்: காப்பறைத் தளவாடம் ஒரு பாதுகாப்புப் பணி

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். அருங்காட்சியகம் என்றதும் காட்சிக்கூடமும் கண்ணாடிப் பேழைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் பூட்டிய அறைகளில் நிற்கும் ரேக்குகள், பீரோக்கள், இழுப்பறைகள், பெட்டிகள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் சேகரிப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 80 லட்சம் பொருள்கள் உள்ளன. அவற்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பவை சுமார் 80,000. நூற்றுக்கு ஒன்று. ஆவணக் காப்பகத்திலும் சுவடி நூலகத்திலும் இந்த விகிதம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். அங்கே ஒரு கட்டு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடப் பிரிக்கப்படாமல் கிடக்கக்கூடும். ஆய்வாளரின் கையில் ஒரு பொருள் இருக்கும் நேரம் சில மணிகள். தட்டின் மேலும் பெட்டிக்குள்ளும் அது இருக்கும் காலம் பல தலைமுறைகள். அந்தத் தட்டும் பெட்டியும் எதனால் ஆனவை, எப்படி அமைந்தவை, எங்கே நிற்பவை என்பவை பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. என் வாதம் இதுதான்: காப்பறைத் தளவாடம் பாதுகாப்புப் பணியின் பிரிக்க முடியாத பகுதி. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நாற்காலி, மேசை வாங்கும் பட்டியலிலிருந்து எடுத்து, பொருளின் தன்மை அறிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பெட்டி பொருளை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்குவோம். 1899ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லோஃப்டஸ் செயின்ட் ஜார்ஜ் பைன் என்ற சிப்பி, சங்கு சேகரிப்பாளர் ஒரு விநோதமான அழிவைப் பதிவு செய்தார். நல்ல மர அலமாரிகளில், மூடிய இழுப்பறைகளில் வைத்திருந்த ஓடுகளின் மேல் வெண்ணிறப் பொடி பூத்தது, பளபளப்பு போயிற்று, நாளடைவில் ஓடே அரித்துப் போயிற்று. நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று பைன் கருதினார். அவர் பெயராலேயே அது ‘பைன் நோய்’ என்று வழங்கலாயிற்று. உண்மையில் அங்கே நோய் எதுவும் இல்லை. ஓக் மரம் இடைவிடாமல் வெளியிடும் அசிட்டிக் அமிலத்தின் ஆவியும், அத்துடன் ஃபார்மிக் அமில ஆவியும் இழுப்பறைக்குள் தேங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஓட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்தன. பூத்த பொடி கால்சியம் அசிட்டேட், கால்சியம் ஃபார்மேட் சார்ந்த உப்புகள் என்பதை 1985இல் நார்மன் டென்னன்ட், தாமஸ் பேர்ட் ஆகியோரின் ஆய்வு தெளிவாக்கியது. இதே ஆவி ஈய முத்திரைகளையும் ஈய நாணயங்களையும் வெள்ளைப் பொடியாக்கிவிடும். அழகாக இழைத்து, இடைவெளியில்லாமல் பொருத்தி, பெருஞ்செலவில் செய்யப்பட்ட அலமாரி எவ்வளவு இறுக்கமாக மூடியதோ அவ்வளவு விரைவாக உள்ளே இருந்ததை அழித்தது. சேகரிப்பாளர்களின் அக்கறையில் குறை இல்லை. தங்கள் தளவாடம் ஒரு வேதிப்பொருள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த அறிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி. 1973இல் அவர் முன்வைத்த சோதனை மிக எளிமையானது. அலமாரி செய்யப் பயன்படுத்தவிருக்கும் பலகை, துணி, பசை, வண்ணப்பூச்சு ஆகியவற்றில் எதுவாயினும் அதன் ஒரு சிறு துண்டை, வெள்ளி, ஈயம், செம்பு ஆகிய மூன்று உலோகத் தகடுகளோடு ஒரு கண்ணாடிக் குடுவையில் சிறிது நீருடன் அடைத்து, 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 28 நாள் வைக்க வேண்டும். தகடுகள் கறுத்தாலோ களிம்பேறினாலோ அந்தப் பொருள் காப்பறைக்குள் நுழையக் கூடாது. ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளே இதற்குப் போதும். இந்தச் சோதனையால் ஒட்டுப்பலகையும் மரத்தூள் பலகையும் ஐயத்துக்கு உள்ளாயின. அவற்றின் பசையிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடு நாளடைவில் ஃபார்மிக் அமிலமாக மாறக்கூடியது. இழுப்பறையின் அடியில் மென்மைக்காக விரிக்கும் கம்பளித் துணியில் கந்தகம் உண்டு; வெள்ளியைக் கறுக்க வைக்க அது போதும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரும் அப்படியே. நம் அலுவலகங்களில் தாராளமாகப் புழங்கும் பிவிசி உறைகள் காலப்போக்கில் பிசுபிசுப்பாகி, உள்ளிருக்கும் தாளின் எழுத்தை உரித்துக்கொள்வதுடன் அமிலத்தையும் வெளியிடுகின்றன. இவற்றுக்கு மாற்றாக வந்ததுதான் இரும்புத் தகட்டு அலமாரி. அதிலும் பழைய எனாமல் பூச்சு சரியாகச் சூளையில் வேகவில்லையென்றால் ஆவி விடும். சுமார் 200 பாகை வெப்பத்தில் முழுமையாகச் சுடப்பட்ட பவுடர் கோட்டிங் பூச்சே இன்று பாதுகாப்பானதாக ஏற்கப்படுகிறது.

அப்படியானால் நல்ல இரும்பு பீரோ ஒன்றை வாங்கி இறுக்கிப் பூட்டிவிட்டால் போதுமா? நம் நாட்டில் பீரோ பிறந்த வரலாறே இதற்கு விடை சொல்கிறது. கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரிகள் செய்யத் தொடங்கியபோது பூட்டும் இரும்புப் பெட்டகமும் அதன் முதன்மைத் தொழிலாக இருந்தன. நகையையும் பத்திரத்தையும் திருடனிடமிருந்து காக்கவே வீட்டு பீரோ வடிவமைக்கப்பட்டது. அந்தப் பணியை அது செம்மையாகச் செய்கிறது. காப்பறையில் திருடன் ஓர் எதிரிதான்; ஈரம், வெப்பம், தூசி, பூச்சி, பூஞ்சை, பொருளிலிருந்தே கசியும் அமிலம், எடுத்து வைக்கும் கையின் அவசரம் ஆகியவை நாள்தோறும் வேலை செய்யும் எதிரிகள். இவற்றுள் சிலவற்றை மூடிய கதவு தடுக்கும். சிலவற்றை அதே கதவு வளர்த்துவிடும். திரைப்படச் சுருள் இதற்குத் தெளிவான சான்று. செல்லுலோஸ் ட்ரை அசிட்டேட் படச்சுருள் 1948இல் அறிமுகமானது. பத்தாண்டுகளுக்குள் அது சிதைகிறது என்ற முதல் புகார் கோடக் நிறுவனத்துக்குச் சென்றது. அனுப்பியது இந்திய அரசு. வெப்பமும் ஈரமும் மிகுந்த அறைகளில் வைக்கப்பட்ட சுருள்கள் புளித்த காடியின் நெடியுடன் சுருங்கி நெளிந்தன. சிதையும் சுருளிலிருந்து வெளியாகும் அசிட்டிக் அமிலம் அச்சிதைவையே மேலும் விரைவுபடுத்துகிறது; தகர டப்பாவுக்குள் அடைபட்ட அமிலம் வெளியேற வழியின்றிச் சுருளையே திரும்பத் தின்கிறது. ஆகவே அசிட்டேட் சுருளுக்குக் குளிர்ச்சியும் காற்றோட்டமும் வேண்டும். வெண்கலத் திருமேனிக்கோ நேர்மாறு. மண்ணில் புதைந்திருந்த காலத்தில் குளோரைடு ஏறிய வெண்கலம் ஈரக் காற்றில் பச்சைப் பொடியாகப் பூத்து அரிக்கிறது; அதற்கு இறுக்கமாக மூடிய, சிலிக்கா ஜெல் வைத்து உலர்த்திய பேழை வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பட்ட வேதியியல் ஆய்வகத்தில் எஸ். பரமசிவன் போன்றோர் வெண்கலங்களைக் காப்பாற்ற உழைத்தார்கள். அவ்வாறு குணமான வெண்கலத்தைத் திரும்ப ஈரமான அறையில் வைத்தால் அந்த உழைப்பு வீணாகும். எல்லாப் பொருளுக்கும் ஏற்ற ஒரே அலமாரி என்று ஒன்று கிடையாது.

தமிழ் மரபுக்கு இந்த உண்மை புதியதன்று. ஓலைச்சுவடி தன் காப்புத் தளவாடத்தைத் தன்னோடு சுமந்து வந்த நூல். ஏடுகளின் அளவுக்கே செதுக்கிய இரு மரச்சட்டங்கள் மேலும் கீழும் தட்டையாக அழுத்தி, ஓலை நெளியாமல் பார்த்துக்கொண்டன. கயிறு ஏடுகளின் வரிசையைக் காத்தது. சுற்றிய துணி தூசியைத் தடுத்ததோடு மழைக்கால ஈரத்தின் ஒரு பங்கைத் தானே உறிஞ்சிக்கொண்டது. துணிக்குள் வைத்த வசம்பும் வேப்பிலையும் இராமபாணப் பூச்சியை ஓரளவு விலக்கின. பல வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்ததால் புகையும் வெம்மையும் துணைசெய்தன. ஒவ்வோர் அடுக்கும் ஒரு குறிப்பிட்ட எதிரிக்கானது. இதைப் புகழும்போதே இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். கயிறு இறுகினால் ஏட்டின் ஓரம் வெட்டுப்படும்; புகை எழுத்தை மறைக்கும்; கரையான் சட்டத்தையும் சேர்த்தே தின்னும். இன்று நம்மிடம் உள்ள தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை சில நூற்றாண்டுகளுக்கு உட்பட்டவை. அவற்றுக்கு முந்திய நூல்கள் நிலைத்தது பெட்டியின் வலிமையால் அன்று, மீண்டும் மீண்டும் படியெடுத்த கைகளால். படியெடுக்கும் வழக்கம் நின்றுபோன இந்தக் காலத்தில், இருக்கும் ஏட்டைக் காக்கும் சுமை முழுவதும் தளவாடத்தின் மேல் விழுந்துவிட்டது. மரபிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வசம்பை விட முக்கியமான ஒன்று: பொருளுக்கு மிக அருகில் ஓர் அடுக்கு, அதற்கு வெளியே வேறு பணிக்கு வேறோர் அடுக்கு என்று பிரித்துச் சிந்திக்கும் முறை.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழுவதுண்டு. ஐரோப்பாவின் குளிருக்குச் சொன்ன இரும்பை நம் கடற்கரை ஊர்களில் புகுத்துவது சரியா? மரம் ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் உள்ளே உள்ள காற்றைச் சமன்செய்யும். இரும்பு வியர்க்கும், துருப்பிடிக்கும். தேக்கை நம் ஊரில் கரையானும் எளிதில் தொடாது. இந்த வாதத்தின் ஒவ்வொரு கூற்றிலும் உண்மை இருக்கிறது. மாலையில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு அலுவலகத்தைப் பூட்டிச் சென்ற பிறகு வெளியிலிருந்து நுழையும் ஈரக் காற்று, குளிர்ந்திருக்கும் இரும்புத் தகட்டில் பனியாகப் படியும். அந்த ஈரத்தில் பூஞ்சை முளைக்கும். ஆனால் இதிலிருந்து பெற வேண்டிய முடிவு, மரத்துக்குத் திரும்புவது அன்று. ஈரத்தைச் சமன்செய்யும் பணியை அமிலமற்ற அட்டைப் பெட்டியும் பருத்தித் துணியும் செய்யும். அவை பொருளுக்கு அருகில் இருக்க, சுமையைத் தாங்கும் பணியையும் பூச்சியிடமிருந்து விலக்கும் பணியையும் பவுடர் கோட்டிங் செய்த இரும்புச் சட்டகம் செய்யட்டும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது 15 செ.மீ. இடைவெளி விட்டால் சுவரின் ஈரம் தாவாது, காற்றும் ஓடும். குளிர்சாதனத்தை நாள் முழுவதும் நிலையாக இயக்க முடியாத நிறுவனம், அதைப் பகலில் மட்டும் இயக்குவதை விட மின்விசிறியும் நல்ல காற்றோட்டமும் கொண்டு நிலையான சூழலை வைத்திருப்பது மேல். ஏற்கெனவே நல்ல தேக்கு அலமாரிகள் உள்ள நூலகங்கள் அவற்றை உடைத்தெறிய வேண்டியதில்லை. தாளையும் ஓலையையும் அட்டைப் பெட்டியில் இட்டு அவற்றில் வைக்கலாம். ஈயம், சிப்பி, வெள்ளி, நிழற்படம் ஆகியவற்றை மட்டும் அவற்றிலிருந்து வெளியேற்ற வேண்டும். இங்கும் அளவுகோல் பொருள்தான். மரமா இரும்பா என்ற கட்சிகட்டல் பயன் தராது.

தளவாடம் பொருளின் உடலைக் காப்பதோடு நிற்பதில்லை. அதைப் பற்றிய அறிவையும் உருவாக்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் உலர்த்திய செடிகளைத் தடித்த புத்தகங்களாகத் தைத்து வைப்பதே வழக்கமாக இருந்தது. தைத்த பிறகு வரிசையை மாற்ற முடியாது. புதிதாக வந்த செடியை அதன் உறவினச் செடிகளின் நடுவில் செருக முடியாது. ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் ஒவ்வொரு செடியையும் தனித்தாளில் ஒட்டி, தைக்காமல் அடுக்கினார். அத்தாள்களை வைப்பதற்கான தட்டுகள் கொண்ட நெட்டுயர்ந்த அலமாரியின் அமைப்பை 1751இல் வெளியான ‘ஃபிலாசஃபியா பொட்டானிக்கா’ நூலில் விளக்கினார். ஓர் இனத்தைப் பற்றிய கருத்து மாறினால் தாளை எடுத்து வேறு தட்டில் வைத்தால் போதும். வகைப்பாட்டுச் சிந்தனைக்கு ஏற்ற தளவாடம் அது. அந்தத் தளவாடம் இல்லாமல் அச்சிந்தனை அவ்வளவு எளிதாக நடைமுறைக்கு வந்திருக்காது. இன்று கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலும் பணிபுரியும் ஆய்வாளர்கள் தைக்காத அந்தத் தனித்தாள் முறையின் பயனைத்தான் அனுபவிக்கிறார்கள்.

இடம் குறிக்கும் திறன் தளவாடம் உருவாக்கும் இந்த அறிவின் மறுபக்கம். 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் காப்பறையிலிருந்து பொருள்கள் காணாமல் போனதையும் திருடப்பட்டதையும் சேதமானதையும் அறிவித்தது. எண்ணிக்கை ஏறத்தாழ 2,000 என்று பின்னர் தெரிந்தது. அவை பெரும்பாலும் சிறிய அணிகலன்களும் செதுக்கிய மணிக்கற்களும். பலவற்றுக்கு முறையான பட்டியலே இல்லை. உலகின் செல்வ வளம் மிக்க அருங்காட்சியகங்களில் ஒன்றிலேயே இது நடந்தது. பட்டியல் இல்லாமை முதல் குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இழப்பை உடனே கண்டறியத் தளவாடமும் உதவியிருக்க முடியும். பாலிஎத்திலீன் நுரையில் ஒவ்வொரு பொருளின் வடிவுக்கும் குழி வெட்டி, குழிக்கு எண்ணிட்ட இழுப்பறையில் ஒரு மணிக்கல் இல்லையென்றால் அந்த வெற்றுக்குழி திறந்தவுடன் கண்ணில் படும். ஒரே டப்பாவில் ஐம்பது மணிகளைக் கொட்டி வைத்தால் ஒன்று குறைந்ததை எவரும் அறியமாட்டார்கள். அறை, வரிசை, அலமாரி, தட்டு, பெட்டி என்று படிப்படியாக எண்ணிட்ட காப்பறையில் தளவாடமே பட்டியலின் பாதியாகிவிடுகிறது.

இடப்பற்றாக்குறை என்பது எல்லா நிறுவனங்களின் பொதுக்குரல். அதற்குத் தீர்வாக இன்று பரவலாக வாங்கப்படுவது காம்பாக்டர் எனப்படும் நகரும் அடுக்கு. தண்டவாளத்தில் ஓடும் அடுக்குகளை ஒன்றோடொன்று நெருக்கி, வேண்டும்போது மட்டும் ஒரே ஒரு நடைபாதையைத் திறந்துகொள்ளலாம். அதே அறையில் ஏறத்தாழ இருமடங்கு கட்டுகளை வைக்க முடியும். இது மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு. அதே அளவுக்குக் கவனத்தையும் கோருவது. ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய கோப்புகளே 50 கிலோ அளவுக்குக் கனக்கும். சாதாரண அலுவலகத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 400 கிலோ வரை தாங்குமாறு கட்டப்படுபவை. நிலையாக நிற்கும் நூலக அடுக்குகளுக்கே 700 கிலோவுக்கு மேல் தாங்கும் தளம் வேண்டும். காம்பாக்டருக்கு அதைப் போல் இருமடங்கு. பழைய கட்டடத்தின் மாடியில் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் காம்பாக்டர் பொருத்துவது மனித உயிரோடு விளையாடுவது. நெருக்கி மூடிய அடுக்குகளுக்குள் காற்று ஓடாது. ஈரம் மிகுந்த மாதங்களில் பூஞ்சை முதலில் தோன்றுவது அங்கேதான். ஆகவே மூடிய நிலையிலும் அடுக்குகளுக்கு இடையே சிறு இடைவெளி விடும் தடுப்பான்கள் வேண்டும். தட்டுகளின் பின்புறம் தகட்டால் அடைக்கப்படாமல் திறந்திருக்க வேண்டும். கண்ணாடி நெகட்டிவ்கள் போன்று அதிர்ச்சி தாங்காத பொருள்களைக் காம்பாக்டரில் வைக்கவே கூடாது. அவை நிலையான அடுக்கில், துளைவரி வெட்டிய பெட்டியில், நீண்ட விளிம்பின் மேல் செங்குத்தாக நிற்க வேண்டியவை. வரைபடங்களோ படுக்கையாக, ஆழம் குறைந்த அகன்ற இழுப்பறையில், சில தாள்களுக்கு ஓர் உறை என்று கிடக்க வேண்டியவை. துணிகள் மடிக்கப்படாமல், பருமனான உருளையில் சுற்றி, இரு முனைகளில் தொங்கவிடப்பட வேண்டியவை. இத்தனை வேறுபாட்டையும் ஒரே அளவு காம்பாக்டர் தட்டில் அடக்க முயலும் திட்டம் இடத்தை மிச்சப்படுத்தும், பொருளை இழக்கும்.

பேரிடர் நேரத்தில் தளவாடம் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1966 நவம்பர் 4 அன்று ஃப்ளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்தபோது இத்தாலிய தேசிய மத்திய நூலகத்தில் மிகப் பெரிய அழிவுக்கு ஆளானவற்றில் கீழ்த்தளத்தில் அடுக்கப்பட்டிருந்த பேரளவு நூல்களும் நாளிதழ்த் தொகுப்புகளும் அடங்கும். கனமானதைக் கீழே வைப்பது தூக்குபவருக்கு வசதி. வெள்ளம் வரும் ஊரில் அந்த வசதிக்குப் பெருவிலை கொடுக்க நேரிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை கற்ற பாடமும் இதுவே. கீழ்த்தட்டு தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு. நம் நதிக்கரை, கடற்கரை ஊர்களில் அதைக் கூட்டிக்கொள்வதே அறிவுடைமை. தீயைப் பொறுத்தவரை 2018 செப்டம்பர் 2 அன்று எரிந்த பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்கக் கண்டங்களின் மிகப் பழைய மனித எச்சங்களுள் ஒன்றான, ஏறத்தாழ 11,500 ஆண்டு பழமையான ‘லூசியா’வின் மண்டையோடு அழிந்தது என்றே அஞ்சினார்கள். சில வாரங்களில் இடிபாடுகளிலிருந்து அதன் பெரும்பாலான துண்டுகள் கிடைத்தன. அவை ஓர் உலோகப் பெட்டிக்குள் இருந்தன. கட்டடமே கைவிட்டபோது கடைசியாகத் தாங்கியது ஒரு பெட்டி. அந்தப் பெட்டி தீயணைப்புக் குழாய்க்கு மாற்றாகாது. ஆனால் பிற ஏற்பாடுகள் தோற்கும் இடத்திலும் ஒரு வாய்ப்பை விட்டுவைக்கிறது.

இனிச் செலவு பற்றிய மறுப்பு. கூரை ஒழுகும் கட்டடத்தில் அலமாரிக்குப் பணம் கேட்பது முறையா, முதலில் கட்டடம், பிறகு ஆள்கள், கடைசியில்தான் தளவாடம் என்பார்கள். கூரை ஒழுகினால் முதலில் அதை அடைக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் புதிய கட்டடத்துக்குக் காத்திருப்பதே பல நிறுவனங்களில் எதையும் செய்யாமைக்கு நியாயமாகிவிட்டது. ரோம் நகரில் உள்ள இக்ரோம் அமைப்பும் யுனெஸ்கோவும் 2011இல் நடத்திய பன்னாட்டு ஆய்வு, உலகின் அருங்காட்சியகக் காப்பறைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஆபத்தான நிலையில் இருப்பதைக் காட்டியது. இந்நிலைக்கு விடையாக இக்ரோம் வளர்த்தெடுத்த ‘ரீ-ஆர்க்’ முறை, குறைந்த ஊழியரும் குறைந்த பணமும் உள்ள சிறிய நிறுவனங்களையே முதன்மையாகக் கருத்தில் கொண்டது. அதன் அளவுகோல்கள் எளியவை: எந்தப் பொருளும் நேராகத் தரையில் இருக்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் குறித்த இடம் இருக்க வேண்டும், எதையும் மூன்று நிமிடத்தில் கண்டெடுக்க முடிய வேண்டும், ஒன்றை எடுக்க இரண்டுக்கு மேற்பட்ட பொருள்களை நகர்த்த நேரக் கூடாது. இவற்றை நிறைவேற்றப் பெரும்பாலும் தேவைப்படுவது, உள்ள அறையைக் காலிசெய்து, அளந்து, பழைய உடைந்த நாற்காலிகளையும் கழித்த கோப்புகளையும் வெளியேற்றி, சில தட்டுகளை உயர்த்தியும் தாழ்த்தியும் அமைப்பதுதான். கட்டடம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். காப்பறையை ஒழுங்குபடுத்தச் சில மாதங்கள் போதும். மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் பாதுகாப்புப் பணி இதுவே என்பதால், வறிய நிறுவனம்தான் இதை முதலில் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் மூலம் எங்கே கிடந்தால் என்ன என்ற கேள்வி இன்று இளைஞர்களிடம் அதிகம் எழுகிறது. எண்மயமாக்கல் இன்றியமையாதது, தேசியச் சுவடி இயக்கம் 2003இல் தொடங்கியது முதல் நம் நாட்டில் அது விரிந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. இருந்தாலும் படம் மூலத்தின் ஒரு பார்வை மட்டுமே. இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்களின் தெளிவு இன்றைய ஆய்வுக்குப் போதாமல் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கிறது. மங்கிய எழுத்தை வேறு ஒளியலைகளில் படிக்கும் முறைகளும், ஓலையின் காலத்தைக் கணிக்கும் முறைகளும் மூலத்தையே கேட்கின்றன. தொல்பொருளுக்கு இது இன்னும் பொருந்தும்: பானை ஓட்டில் ஒட்டிய எச்சத்தை நிழற்படத்தில் சோதிக்க முடியாது. நல்ல எண்மயமாக்கலுக்கே நல்ல தளவாடம் தேவை. வரிசை குலைந்து, எண் இல்லாமல் கிடக்கும் கட்டுகளை எடுத்த படங்களும் வரிசை குலைந்தே இருக்கும்.

கொள்முதல் சட்டம் குறைந்த விலைக்கே ஒப்பந்தம் தரச் சொல்கிறது, நாங்கள் என்ன செய்வது என்று நிருவாகிகள் கேட்பதுண்டு. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் விலையை ஒப்பிடச் சொல்வது ஒப்பந்த ஆவணத்தில் சொல்லப்பட்ட தரத்தை நிறைவு செய்தவர்களுக்குள்தான். ஆக, முடிவு விலையில் இல்லை. விவரக்குறிப்பை யார் எழுதுகிறார் என்பதில் இருக்கிறது. ‘இரும்பு அலமாரி, ஆறரை அடி, ஐந்து தட்டு’ என்று எழுதினால் அதற்கேற்ற அலமாரியே வரும். தகட்டின் தடிமன், ஒவ்வொரு தட்டும் தாங்க வேண்டிய எடை, பூச்சின் வகையும் சுடும் வெப்பமும், தட்டுகளை உயர்த்தித் தாழ்த்தும் வசதி, மடித்து மழுங்கச் செய்த விளிம்பு, தரையிலிருந்து கீழ்த்தட்டின் உயரம், காற்றுத் துளைகள் உண்டா இல்லையா என்பவற்றை எழுதினால் அம்பத்தூரிலும் கோவையிலும் உள்ள தகட்டு வேலைப் பட்டறைகளே அதைச் செய்து தரும் திறன் கொண்டவை. வெளிநாட்டு இறக்குமதி தேவையில்லை. தேவைப்படுவது எழுதத் தெரிந்த, எழுத உரிமை உள்ள ஒரு கை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். முதலாவது, அரசும் பல்கலைக்கழகங்களும் தனியார் அறக்கட்டளைகளும் காப்பறைத் தளவாடத்தை அலுவலக மரச்சாமான் தலைப்பிலிருந்து நீக்கி, பாதுகாப்புப் பணி என்ற தலைப்பில் சேர்க்கட்டும். விவரக்குறிப்பில் பாதுகாப்பு வல்லுநரின் கையொப்பம் இல்லாமல் எந்த ஒப்பந்தமும் கோரப்படக் கூடாது. இரண்டாவது, வேதியியல் துறை உள்ள நம் கல்லூரிகள் ஆடி சோதனையை அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் செய்து கொடுக்கட்டும். முதுகலை மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வுத் திட்டம் அமைவது அரிது. மூன்றாவது, ஒவ்வோர் அகழாய்வுத் திட்டத்திலும் குழி தோண்டும் செலவோடு, கிடைத்தவற்றை வைக்கும் அடுக்குக்கும் பெட்டிக்கும் ஆகும் செலவு தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். கீழடி 2023இல் தனக்கென ஓர் அருங்காட்சியகத்தைப் பெற்றது. காட்சிக்கு வந்த பொருள்களைப் போல் பல மடங்கு பானை ஓடுகளும் எலும்புகளும் மணிகளும் காப்பறையில் இருக்கும். அடுத்த தலைமுறை ஆய்வாளர் நம்மை விடக் கூர்மையான கேள்விகளோடு வருவார். அவர் கேட்கும் பொருளை நம் காப்பறை ஊழியர் மூன்று நிமிடத்தில், சேதமின்றி, அதன் எண்ணோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கான தட்டையும் பெட்டியையும் இந்த ஆண்டு நிதிநிலையிலேயே கேட்டு வாங்குங்கள்.